பறவை பார்த்த ஜோடி!
ஹனிமூனுக்கு கோவை ஆனைகட்டி பக்கம் போறீங்களா? அங்கே இருக்கிற பறவையியல் மையத்துக்கு 'பறவை மனிதர்' சலீம் அலியின் பெயர். அவருக்குத் துணையா காடு காடா அலைஞ்சவர், மனைவி தெஹ்மினா.

1918-ல் கல்யாணம். பிறகு சலீமுக்கு வேலையில்லாம போனப்போ, பம்பாயை விட்டு ரெண்டு பேரும் கிஹிம் கடலோரத்துல குடியேறினாங்க. அங்கேதான் அவரோட பிரபலமான தூக்கணாங்குருவி ஆராய்ச்சி நடந்தது. ஹைதராபாத், திருவிதாங்கூர்னு பறவைக் கணக்கெடுப்பு முகாம்களுக்கும் தெஹ்மினா கூடவே போனார். சலீமின் எழுத்தைச் செதுக்க உதவினதும் அவர்தான்.

1939-ல், சின்ன ஆபரேஷன் ஒண்ணுக்குப் பிறகு தெஹ்மினா இறந்துட்டார். சலீம் மறுமணம் செய்யலை. 1987-ல் இறக்கும்வரை பறவைகளைத்தான் தேடினார்.

ஆனைகட்டியில பைனாகுலரை எடுக்கும்போது, தெஹ்மினாவையும் நினைச்சுக்கோங்க!