அலெக்சாண்டிரியாவின் அறிவுச் சுடர்

கிரேக்க மெய்யியல் என்றவுடன் நம் நினைவுக்கு வருவோர் யார்? சாக்ரடீஸ், பிளேட்டோ, அரிஸ்டாட்டில். பெண்ணொருத்தியின் பெயரை நாம் சொல்வதில்லை. கணிதம் பயிலும் நானும் முதலாண்டில்தான் ஹைப்பேஷியா என்னும் பெயரை அறிந்தேன். உடனே ஒரு பேச்சுப் போட்டியில் அவரைப் பற்றி முழங்கினேன். அலெக்சாண்டிரியா நூலகத்தை விழுங்கிய நெருப்பில் அவரும் மடிந்தார் என்றேன். கைத்தட்டல் கிடைத்தது, பரிசும் கிடைத்தது. பின்னர் நூல்களைப் புரட்டியபோதுதான் நான் கூறியது வரலாறு அன்று எனக் கண்டு நாணினேன். அப்பிழையைத் திருத்தவே இதனை எழுதுகிறேன்.

எகிப்தின் அலெக்சாண்டிரியா நகரம் அன்று உரோமப் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. எனினும் அங்குக் கற்றோர் மொழி கிரேக்கமே. கி.பி. நான்காம் நூற்றாண்டில் அந்நகரில் வாழ்ந்த கணித அறிஞர் தியோனின் மகள் ஹைப்பேஷியா. தந்தையே ஆசானாக இருந்து கணிதமும் வானநூலும் கற்பித்தார். தாலமியின் வானநூலுக்குத் தாம் எழுதிய உரையின் மூன்றாம் பகுதித் தலைப்பில், பதிப்பைச் செப்பம் செய்தவர் தம் மகளே என்று தியோன் குறித்து வைத்தார். மகளின் உழைப்பை மறைக்காத தந்தை அவர்!

டயோபான்டசின் எண்கணித நூலுக்கும், அப்பலோனியசின் கூம்பு வளைவு நூலுக்கும் ஹைப்பேஷியா உரை கண்டார். பரவளையம், நீள்வட்டம், அதிபரவளையம் என நாம் வகுப்பில் வரைகின்றோமே, அவற்றை ஆராய்ந்த நூல் அது. அவ்வுரைகள் இன்று நமக்குக் கிடைக்கவில்லை.

மணம் புரியாமல், மெய்யியலாரின் மேலாடை அணிந்து, பிளேட்டோவின் தத்துவத்தை அவர் கற்பித்தார். பல சமயத்தாரும் அவரிடம் பாடம் கேட்டனர். பிற்காலத்தில் கிறித்தவ ஆயரான சினீசியஸ் அவருடைய மாணவரே. நீர்மத்தின் அடர்த்தியை அளக்கும் கருவியொன்றைச் செய்வித்துத் தருமாறு அவர் ஆசிரியைக்கு எழுதிய கடிதம் இன்றும் உள்ளது.

நகரின் ஆளுநர் ஒரெஸ்டசுக்கும் ஆயர் சிரிலுக்கும் இடையே அதிகாரப் பகை மூண்டது. ஆளுநர் ஹைப்பேஷியாவைப் பெரிதும் மதித்தார். இருவரும் இணங்காதவாறு தடுப்பவர் அவரே என்று வதந்தி பரவியது. கி.பி. 415 மார்ச் மாதத்தில், வெறிகொண்ட கும்பல் ஒன்று அவரை வண்டியிலிருந்து இழுத்துச் சென்று கொன்றது. அக்கொடுமையைக் கண்டித்து எழுதிய வரலாற்றாசிரியர் சாக்ரடீஸ் ஸ்கொலாஸ்டிகசும் ஒரு கிறித்தவரே என்பதை நாம் மறத்தலாகாது.

அன்று நூலகம் எரியவில்லை. பழைய பெரு நூலகம் நெடுங்காலத்துக்கு முன்பே சிதைந்து போயிருந்தது. செராப்பிஸ் கோயில் இடிக்கப்பட்டதும் அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முந்திய நிகழ்ச்சி.

1884-இல் கண்டறியப்பட்ட சிறுகோள் ஒன்று இன்று அவர் பெயரைத் தாங்கி வானில் வலம் வருகிறது. ஆனால் என் நெஞ்சை உறுத்துவது வேறொன்று. ஆராயாமல் நம்பப்பட்ட வதந்தியே அவர் உயிரைக் குடித்தது. ஆராயாத சொல்லை மேடையேற்றிய என் பிழை சிறிதாக இருக்கலாம். ஆயினும் விதை ஒன்றுதானே? தோழர்களே, தோழியரே! கைத்தட்டலுக்கு முன் உண்மையைத் தேடுவோம். அந்த ஆசிரியைக்கு நாம் செலுத்தக்கூடிய காணிக்கை அதுவே.