ஆய்கூடத்திலிருந்து வந்த தமிழ்ப் பேராசிரியர்

ஜெயபுரத்திலே மாணவனொருவன் தெளிந்த சுண்ணாம்பு நீருள் குழாய்வழி ஊதுகின்றான். நீர் பாலென வெளுக்கின்றது. மூச்சிலுள்ள காபனீரொட்சைட்டு சுண்ணாம்போடு கூடிக் கரையாப் பொருளாயிற்றெனத் தமிழிலேயே குறிப்பெழுதுகின்றான். அதனைக் காணுந்தோறும் விபுலாநந்த அடிகளாரை நினைப்பேன்.

காரைதீவில் 1892இல் தோன்றிய மயில்வாகனனார் கொழும்பிலே ஆசிரிய பயிற்சி பெற்றார். 1916இல் விஞ்ஞான டிப்ளோமாவும், அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச்சங்கத்துப் பண்டிதப் பட்டமும் எய்தினார். 1917இல் யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியரானார். 1920இல் இலண்டன் விஞ்ஞானப் பட்டதாரி. பின்னர் மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபர். 1924இல் துறவு பூண்டார்.

அக்காலத்து ஆய்கூடத்திலே தமிழ்ப்பிள்ளை கண்டதை ஆங்கிலத்திலன்றோ எழுதவேண்டும்! கண் அறிந்ததைத் தாய்மொழி நா சொல்லமாட்டாத அவ்விடர் அவ்வாசிரியருக்குத் தெரியாததன்று. 1936இல் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டிற்கு அவரே தலைமை தாங்கினார். இன்றைய சொல்லெல்லாம் அன்று பிறந்தவையல்ல. நாம் ஒட்சிசன் என்பதைத் தமிழகத்தார் ஆக்சிசன் என்பர். இவ்வழக்கு இன்னுந் தீர்ந்தபாடில்லை.

1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதற் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்தார். யாழ்நூலாசிரியரென்றே பலர் அவரை அறிவர். அந்நூலும் ஆய்கூடத்தார் நூலே: மறைந்த யாழின் சுருதிகளை நரம்பின் நீளத்தாலும் கணிதத்தாலும் அளந்து நாட்டியது. 1947 யூனில் திருக்கொள்ளம்பூதூரில் அஃது அரங்கேறிற்று. அடுத்த திங்கள் 19ஆம் நாள் அடிகளார் மறைந்தார்.