சேர் ஜோன் டொயிலி (1774 – 1824): வெற்றிலைச் சுருளும் அரச பதவியும்



கண்டி தலதா மாளிகைக்கு அருகே ஆங்கிலேயரின் பழைய கல்லறைத் தோட்டம் ஒன்று உள்ளது. சேர் ஜோன் டொயிலி அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டுள்ளார். கண்டி ஒப்பந்தத்தைப் படிக்கும்போது இவரது பெயரை அறிந்திருப்பீர்கள். இங்கு இவரது வாழ்க்கையை ஒரு கேள்வியுடன் நோக்குவோம். அரச உத்தியோகத்தருக்குக் கொடுக்கும் அன்பளிப்பு எப்போது இலஞ்சமாகிறது?

இளமையும் பணியும்

டொயிலி 1774இல் இங்கிலாந்தில் பிறந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கற்று, 1801இல் இலங்கைக்கு வந்தார். மாத்தறையில் பணியாற்றியபோது சிங்கள மொழியைச் செம்மையாகக் கற்றார். 1805இல் அரசாங்கத்தின் தலைமை மொழிபெயர்ப்பாளரானார். இவர் திருமணம் செய்யவில்லை. எளிய உணவுடன் துறவியைப் போல வாழ்ந்தார் என அவரை அறிந்தவர்கள் எழுதியுள்ளனர்.

ஆயினும் இவரது பணியில் மற்றொரு பக்கமும் இருந்தது. கண்டி இராச்சியத்தின் இரகசியங்களை அறிய ஒற்றர்களை அமர்த்தினார். தகவல் தந்தோருக்குப் பணமும் பொருளும் வழங்கினார். தனக்கென ஆடம்பரம் தேடாதவர், தன் அரசாங்கத்துக்காகப் பிறரது விசுவாசத்தை விலைக்கு வாங்கினார். இதை நீங்கள் மறந்துவிடக் கூடாது.

1815 மார்ச் 2ஆம் திகதி மகுல் மடுவவில் கண்டி ஒப்பந்தம் நிறைவேறியது. டொயிலி கண்டியின் வதிவிடப் பிரதிநிதியானார்.

தெக்கும் வழக்கம்

கண்டி இராச்சியத்தின் ஆட்சிமுறை பற்றி டொயிலி விரிவாக எழுதி வைத்தார். பதவி பெற்ற பிரதானிகள் மன்னருக்குத் ‘தெக்கும்’ எனும் காணிக்கை செலுத்தினர். புத்தாண்டிலும் அது செலுத்தப்பட்டது. கீழ்நிலைத் தலைவர்கள் தமது மேலதிகாரிக்கு வெற்றிலையுடன் பணம் கொடுத்தனர். இதற்குப் ‘புலத் சுருலு’, அதாவது வெற்றிலைச் சுருள், என்று பெயர்.

வெற்றிலை கொடுப்பது மரியாதையின் அடையாளமே. ஆனால் சுருளுக்குள் பணம் வந்ததும் மரியாதை பதவியின் விலையாகிறது. விலை கொடுத்துப் பதவி பெற்றவர் அப்பணத்தை எங்கிருந்து மீட்பார்? இறுதியில் சுமை வயலில் உழைத்த குடியானவன் மீதே விழுந்திருக்கும் அல்லவா?

1818 பிரகடனம்

1817 – 1818 கிளர்ச்சியின் பின்னர், 1818 நவம்பர் 21ஆம் திகதி தேசாதிபதி பிரவுன்றிக் ஒரு பிரகடனத்தை வெளியிட்டார். பதவி நியமனத்துக்காகச் செலுத்தும் கட்டணங்களை அது ஒழித்தது. விகாரைக் கிராமங்களுக்கு மட்டும் விலக்கு இருந்தது. பிரதானிகளுக்கு நிலையான சம்பளம் வழங்க ஏற்பாடாயிற்று. நெல் விளைச்சலில் பொதுவாகப் பத்தில் ஒரு பங்கு வரியாக விதிக்கப்பட்டது. பிரதானிகளின் அதிகாரத்தைக் குறைப்பதும் ஆங்கிலேயரின் நோக்கமாகும். எனினும் உத்தியோகத்தர் அன்பளிப்பால் அல்லாது சம்பளத்தால் வாழ வேண்டும் என்ற கருத்து இதில் தெளிவாக உள்ளது.

டொயிலி 1824 மே 25ஆம் திகதி காய்ச்சலால் கண்டியில் காலமானார்.

இன்றைய சட்டம்

1954ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க இலஞ்சச் சட்டம், பணத்தை மட்டுமன்றி அன்பளிப்பு, கடன், தொழில் வாய்ப்பு போன்றவற்றையும் கைம்மாறாகக் கருதியது. ஒரு திணைக்களத்துடன் அலுவல் உடையவர் அங்குள்ள உத்தியோகத்தருக்குக் கைம்மாறு வழங்குவதையும் குற்றமாக்கியது. அதற்குப் பதிலாக 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் வந்துள்ளது. கொடுப்பவரும் வாங்குபவரும் குற்றவாளிகளே.

மாணவர்களே, நாளை உங்களில் சிலர் கிராம உத்தியோகத்தராகலாம், கச்சேரியிலும் கடமையாற்றலாம். யாராவது ஒரு பொதியை அன்போடு நீட்டினால் உங்களையே கேளுங்கள்: நான் இந்தக் கதிரையில் இல்லாவிட்டால் இது எனக்குக் கிடைத்திருக்குமா? இல்லை என்பது விடையானால், அது உங்களுக்கு உரியதன்று.

நினைவிற் கொள்க

1. தெக்கும் – பதவி பெற்றபோதும் புத்தாண்டிலும் மன்னருக்குச் செலுத்திய காணிக்கை.
2. 1818 பிரகடனம் – நியமனக் கட்டண ஒழிப்பு, நிலையான சம்பளம்.
3. இலஞ்சம் – கொடுப்பதும் வாங்குவதும் குற்றம்.

பயிற்சி: மரியாதைக்கான அன்பளிப்புக்கும் இலஞ்சத்துக்கும் இடையிலான வேறுபாடுகள் இரண்டினை உதாரணத்துடன் விளக்குக.