மண்புழுவைச் சட்டியில் வளர்த்த மேதை

மண்புழு உழவனின் நண்பன் என்று சிறு வகுப்பிலேயே மனப்பாடம் செய்துவிடுகிறோம். அந்த நட்பை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆராய்ந்து உலகுக்குக் காட்டியவர் யார் என்று கேட்டால் நம்மில் பலர் விழிப்போம். அவர் வேறு யாருமல்லர், சார்லஸ் டார்வின்தான்.

1809 பிப்ரவரி 12 அன்று இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி நகரில் பிறந்தார். மருத்துவம் படிக்கப் போய், பிடிக்காமல் விட்டார். பீகிள் கப்பலில் ஐந்தாண்டு உலகைச் சுற்றி 1836-ல் திரும்பினார். இவையெல்லாம் பாடப் புத்தகத்திலேயே இருக்கின்றன. நாம் புழுவுக்கு வருவோம்.

ஊர் திரும்பியவரைத் தாய்மாமன் ஜோசையா வெட்ஜ்வுட் தம் வயலுக்கு அழைத்துச் சென்றார். சில ஆண்டுகளுக்கு முன் மேலே தூவிய சுண்ணாம்பும் சாம்பல் கட்டியும் இப்போது மண்ணுக்கடியில் கிடந்தன. புழுக்கள் கீழ்மண்ணைத் தின்று மேலே கழிப்பதே காரணம் என்பது மாமனின் ஊகம். டார்வின் அதை 1837-ல் லண்டன் அறிஞர் சபையில் கட்டுரையாகப் படித்தார். (அந்த மாமனின் மகள் எம்மாவையே 1839-ல் மணந்தார். நம் பக்கத்து வழக்கம் அங்கேயும் உண்டு போலும்!)

இத்தனை சிறிய, வலுவற்ற பிராணி இவ்வளவு பெரிய வேலையைச் செய்யுமா என்று 1869-ல் ஒருவர் மறுத்து எழுதினார். டார்வின் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. 1842-ல், அப்போது கென்ட் பகுதியில் இருந்த டவுன் கிராமத்தில் குடியேறியபோது ஒரு வயலில் சுண்ணக்கட்டித் துண்டுகளைப் பரப்பியிருந்தார். 29 ஆண்டு காத்திருந்து, 1871-ல் பள்ளம் தோண்டிப் பார்த்தார். அத்துண்டுகள் ஏழு அங்குல ஆழத்தில் கோடு போட்டதுபோல் வரிசையாக இருந்தன!

நமக்கு மிகவும் பிடித்தது அவர் வீட்டுக்குள் செய்த சோதனைகள்தாம். படிப்பறையில் மண் நிரப்பிய சட்டிகளில் புழுக்களை வளர்த்தார். விசில் ஊதினார்கள், பாசூன் என்ற பெரிய குழலை ஊதினார்கள். புழுக்கள் அசையவில்லை. சட்டியைப் பியானோவின் மேல் வைத்து ஒரு சுரத்தைத் தட்டியதும் சட்டென்று வளைக்குள் இழுத்துக்கொண்டன. காது இல்லை, ஆனால் அதிர்வு தெரிகிறது! முட்டைக்கோஸ், கேரட் இலை, வெங்காயம் என்று விருந்தும் வைத்தார். கேரட் இலையை விரும்பித் தின்றன. புதினா போன்ற வாசனை இலைகளைப் பெரும்பாலும் ஒதுக்கின. வறண்ட அறைக் காற்றில் ஓர் இரவு கிடந்தாலே புழு செத்துவிடும் என்றும் தம் நூலில் குறிப்பிட்டார். புழு தோலால் மூச்சு விடுகிறது, தோல் காயக்கூடாது.

கூமாப்பட்டியில் கொல்லைப்புறத்தில் புழு உரத்தொட்டி வைப்பவர்கள் இவற்றைக் கவனிக்கலாம். தொட்டியில் நாம் விடுவது அவர் வளர்த்ததைப்போல ஆழத்தில் வளை தோண்டும் இனமன்று, மேல்பரப்புக் குப்பையில் வாழும் இனம். ஆனாலும் தேவைகள் அவையே. தென்னை நிழலில் வையுங்கள். ஈரச் சாக்கால் மூடி, தண்ணீர் தேங்காமல் அடியில் துளையிடுங்கள். புதுச்சாணம் சூடேறும், நன்றாக ஆறிய சாணத்தையே போடவேண்டும். காய்கறித் தோல் போடலாம். உப்பு, எண்ணெய், ஊறுகாய் மிச்சம் மட்டும் ஆகாது. வெளிச்சத்தையும் தடதடப்பையும் அது வெறுக்கிறது. ஆகவே நாள்தோறும் கிளறிப் பார்க்கும் ஆவலை அடக்குவது நல்லது.

இந்த ஆராய்ச்சி 1881 அக்டோபரில் நூலாக வந்தது. ஓர் ஏக்கரில் ஆண்டுக்குப் பத்து டன்னுக்கு மேல் மண் புழுக்களின் உடல் வழியே செல்வதாக, பல இடங்களைப் பற்றி அவர் கணக்குக் காட்டினார். நம் நீலகிரியில் கிடைத்த பெரிய புழுக்கழிவு ஒன்றின் படமும் அதில் உண்டு. புத்தகம் ஆயிரக்கணக்கில் விற்றது.

ஆறு மாதம் கழித்து, 1882 ஏப்ரல் 19 அன்று டார்வின் மறைந்தார். தம் கிராமத்துக் கல்லறைத் தோட்டத்திலேயே அடங்க அவர் விரும்பியிருந்தார். ஆனால் நாடு அவரை லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்துக்குள் அடக்கம் செய்தது. டவுன் கிராமத்தாருக்கு அதில் மனக்குறைதான்.