புதுக்கோட்டையின் முதல் சூப்பர் ஸ்டார்... 35 வயதில் மறைந்த பி.யு.சின்னப்பா! யார் இவர்?

தமிழ் சினிமாவில் டபுள் ஆக்‌ஷன் என்றாலே எம்.ஜி.ஆர்., சிவாஜி படங்கள்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனா அதை முதன்முதலில் செய்து காட்டிய ஹீரோ புதுக்கோட்டைக்காரர். பெயரிலேயே ஊர் இருக்கு: புதுக்கோட்டை உலகநாதன் சின்னப்பா.

நாடகத்தில் தொடங்கிய பயணம்

1916-ல் பிறந்த சின்னப்பா, சின்ன வயசுலேயே நாடகத்துக்கு வந்துவிட்டார். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் அவர் நட்சத்திரமாக இருந்தபோது, அதே கம்பெனியில் இருந்த இன்னொரு சிறுவன் எம்.ஜி.ஆர்.

பாய்ஸ் கம்பெனி நடிகர்களுக்கு குரல்தான் சொத்து. வயசு ஏற ஏற அந்தக் குரல் உடைந்தது. கம்பெனியை விட்டு ஊர் திரும்பிய சின்னப்பா சும்மா இருக்கவில்லை. பாட்டுப் பயிற்சியோடு சிலம்பம், குஸ்தி என உடம்பையும் தயார் செய்தார். பாடவும் தெரியும், சண்டையும் தெரியும் என்பதுதான் பின்னாளில் அவரோட பலமே!

திருப்புமுனை எது?

1936-ல் 'சந்திரகாந்தா' மூலம் சினிமாவுக்கு வந்தாலும், 1940-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் 'உத்தமபுத்திரன்'தான் அவரை உச்சத்துக்குக் கொண்டுபோனது. அதில் இரட்டை வேடம்.

கம்ப்யூட்டர் இல்லாத காலம் அது. ஒரே காட்சியில் ஒருவரே இரண்டு பேராகத் தெரியணும்னா, கேமராவின் ஒரு பாதியை மறைத்துப் படம் பிடிக்கணும். பிறகு அதே ஃபிலிமை பின்னால் சுற்றி, மறுபாதியை எடுக்கணும். எதிரில் ஆளே இல்லாமல், பார்வையும் நேரமும் பிசகாமல் நடிக்க வேண்டும்.

1942-ல் 'கண்ணகி'யில் கோவலன். 1944-ல் 'ஜகதலப்பிரதாபன்' படத்தில் ஒரே கச்சேரியில் பாடகராகவும் பக்கவாத்தியக்காரர்களாகவும் அவரே தோன்றினார். 1949-ல் 'மங்கையர்க்கரசி'யில் மூன்று வேடம். எம்.கே.தியாகராஜ பாகவதர் ரசிகர்கள் ஒரு பக்கம், சின்னப்பா ரசிகர்கள் மறுபக்கம் என தமிழகமே பிரிந்து நின்ற காலம் அது.

வீடு வாங்கத் தடையா?

சம்பாதித்ததை சொந்த ஊரிலேயே போட்டார். அவர் வீடுகளாக வாங்கிக் குவித்ததால், இனி வாங்கக் கூடாது என்று சமஸ்தானமே தடை போட்டதாக ஒரு கதை இன்றும் சொல்லப்படுகிறது.

திடீர் மறைவு

1951 செப்டம்பர் 23. சின்னப்பா காலமானார். வயது வெறும் 35. கடைசிப் படமான 'சுதர்ஸன்' வெளியானபோது அவர் உயிரோடு இல்லை.

1958-ல் சிவாஜி நடித்து வந்த 'உத்தமபுத்திரன்' எல்லோருக்கும் தெரியும். அதே கதையில் 18 வருஷத்துக்கு முன்பே இரண்டு பேராக வாழ்ந்து காட்டியவர் சின்னப்பா. அடுத்த முறை டபுள் ஆக்‌ஷன் படம் பார்க்கும்போது, இந்தப் புதுக்கோட்டைக்காரரையும் நினைச்சுக்கோங்க.