கப்பல் போன பிறகும் கன்னத்தில் கை வைக்காதவர்

1907-ம் ஆண்டு. தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரே ஆரவாரம். 'காலியா', 'லாவோ' என்ற இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன. அவை வெள்ளையர் கப்பல்கள் அல்ல. நம்மவர் பங்குப் பணம் போட்டு வாங்கிய சுதேசிக் கப்பல்கள்!

அந்தக் கம்பெனியை உருவாக்கியவர் வக்கீல் வ.உ.சிதம்பரம் பிள்ளை. 1872-ல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தவர். ஊரார் மதித்தனர். கையில் பணம் இருந்தது. வீட்டில் குறை இல்லை.

ஒரே ஆண்டில் எல்லாம் தலைகீழாயிற்று.

40 ஆண்டு தண்டனை

1908 மார்ச் மாதம் அவர் கைது செய்யப்பட்டார். ராஜத் துரோக வழக்கில் 40 ஆண்டு தீவாந்தர தண்டனை கிடைத்தது. தீர்ப்பைக் கேட்டுத் தம்பி மீனாட்சிசுந்தரத்தின் சித்தம் கலங்கிவிட்டது. மேல் முறையீட்டில் தண்டனை 6 ஆண்டாகக் குறைந்தது.

கோவைச் சிறையில் மாடு இழுக்க வேண்டிய செக்கை அவர் இழுத்தார். சிறையில் இருக்கும்போதே, 1911-ல் கப்பல் கம்பெனியும் கலைக்கப்பட்டது.

உடல்தான் சிறையில் வாடியது. உள்ளம் வாடவில்லை. ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கில ஆசிரியரின் நூலை 'மனம் போல வாழ்வு' என்ற பெயரில் தமிழாக்கினார். நம் எண்ணம் எப்படியோ, அப்படியே நம் வாழ்வு என்பதுதான் அந்நூலின் கருத்து. செக்கிழுத்த கைகளே அதை எழுதின!

வறுமையோடு போர்

1912 டிசம்பரில் விடுதலையானார். வரவேற்க ஊர் திரண்டு வரவில்லை. சில நண்பர்களே வந்தனர். வக்கீல் தொழில் செய்யும் உரிமையும் பறிபோயிருந்தது.

குடும்பத்துடன் சென்னைக்கு வந்தார். கப்பல் ஓட்டியவர் சில்லறை வியாபாரங்கள் செய்து பார்த்தார். எதுவும் கை கொடுக்கவில்லை.

அவருக்கு உதவ, தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த இந்தியர்கள் பணம் திரட்டிக் காந்திஜியிடம் கொடுத்திருந்தார்கள். அதுபற்றி 1915-ல் இருவருக்கும் கடிதப் போக்குவரத்து நடந்தது. சிதம்பரம் பிள்ளை தம் கஷ்டத்தை மறைக்கவில்லை. கூனிக் குறுகவும் இல்லை. உள்ளதை உள்ளபடி எழுதினார். பல மாதம் பொறுமையாகக் காத்திருந்தார். 1916-ல் 347 ரூபாய் 12 அணா வந்து சேர்ந்தது.

நன்றி மறவாத நெஞ்சம்

பிறகு வாலேஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் வக்கீல் உரிமை திரும்பக் கிடைத்தது. தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் சூட்டினார்! ஆங்கில ஆட்சியை எதிர்த்துச் சிறை சென்றவர்தான். ஆனால் நல்லது செய்தவர் ஆங்கிலேயர் என்பதற்காக அந்த நன்றியை அவர் மறக்கவில்லை.

கோவில்பட்டியிலும் தூத்துக்குடியிலும் தொழில் செய்தார். வருமானம் குறைவுதான். ஆனாலும் தமிழ்ப் பணியை விடவில்லை. தொல்காப்பியத்தின் இளம்பூரணர் உரையைப் பதிப்பித்தார். திருக்குறளுக்கு உரை எழுதினார்.

1936 நவம்பர் 18-ந் தேதி, தூத்துக்குடி காங்கிரஸ் அலுவலகத்தில் அவர் உயிர் பிரிந்தது. வயது 64.

கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே என்பது பழமொழி. கப்பலையே பறிகொடுத்த அவர், அதன்படி வாழ்ந்து காட்டினார். பணம் போகலாம்; பதவி போகலாம்; கூட இருந்த கூட்டமும் போகலாம். நேர்மை, நன்றி, உழைப்பு இந்த மூன்றையும் நாமாக விட்டால் ஒழிய, எவராலும் பறிக்க முடியாது.