கடலூரில் கண்மூடிய துப்பாக்கி விஞ்ஞானி

பௌதிகச் சோதனைக் கூடத்தில் பாலிஸ்டிக் ஊசலை ஆட்டிக் கணக்கிட்ட நண்பர்கள் நம்மிடையே பலர் உண்டு. அதைக் கொண்டு முதன்முதல் துப்பாக்கியைச் சோதித்தவர் யார் என்று கேட்டால் பெரும்பாலோர் விழிப்போம். நானும் அவ்வாறு விழித்தவன்தான். பெயரைத் தேடிச் சென்றபோதுதான், அந்த ஆங்கிலேயர் உயிர் நீத்தது நம் கடலூர்க் கரையில் என்பதை அறிந்து வியந்தேன்.

பெஞ்சமின் ராபின்ஸ் 1707-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பாத் நகரில், எளிய குவேக்கர் குடும்பமொன்றில் பிறந்தார். போரையும் ஆயுதத்தையும் அறவே ஒதுக்குவது குவேக்கர் நெறி. அக்குடியில் தோன்றியவரே துப்பாக்கிக் கலையை விஞ்ஞானமாக உயர்த்தினார் என்பது விந்தையன்றோ! கணிதத்தைப் பெரும்பாலும் தாமே கற்றுத் தேர்ந்த அவர், 1727-இல், 20 வயதிலேயே ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார்.

அந்நாளில் ஒரு துப்பாக்கியின் தரத்தை, செய்தவன் சொல்லையும் சுட்டவன் பெருமையையும் நம்பியே மதித்தனர். குண்டின் வேகத்தைச் சரியாக அளந்தவர் எவருமில்லை. ராபின்ஸ் கனத்த மரக்கட்டை ஒன்றை ஊசலாகத் தொங்கவிட்டு அதன்மீது சுட்டார். குண்டு கட்டையில் புதைந்தது. கட்டை பின்னோக்கி ஆடியது. ஆடிய தூரத்தை அதில் கட்டிய நாடா காட்டிற்று. இரண்டின் எடையும் தெரிந்தால், உந்த விதியைக் கொண்டு குண்டின் வேகம் தானே வந்துவிடும். சாதாரணத் துப்பாக்கிக் குண்டு நொடிக்கு 1,600 அடிக்கு மேல் பாய்வதைக் கண்டார். அவ்வேகத்தில் காற்று தரும் தடை, குண்டின் எடையைப் போல் நூறு மடங்கையும் தாண்டுகிறது என்றும் கண்டார். காற்றின் தடை அற்பமென்று பலர் எண்ணியிருந்த காலம் அது! இவற்றை 1742-இல் நூலாக வெளியிட்டார். கணித மேதை ஆய்லர் 1745-இல் அதனை ஜெர்மன் மொழியில் பெயர்த்து விரிவுரையும் எழுதினார். 1746-இல் காப்ளி பதக்கம் ராபின்ஸை அடைந்தது.

குண்டு ஏன் குறி தவறுகிறது? இதுவே அவருடைய அடுத்த வினா. ஒரு துப்பாக்கிக் குழலின் நுனியை இடப்புறம் வளைத்து, மெல்லிய காகிதத் திரைகளின் ஊடே சுட்டார். முதலில் இடப்புறம் சென்ற குண்டு, பின்னர் வலப்புறம் திரும்பிற்று. குண்டின் சுழற்சியே அதன் வழியை மாற்றுகிறது என்பது தெளிவாயிற்று.

ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் வேட்டைக்காரர் தோளில் தாங்கிச் சுட்ட ரைபிளின் மர்மமும் இதனால் விளங்கிற்று. அதன் குழலினுள் திருகாணியின் மறைபோல் காடிகள் சுற்றிச் செல்லும். அவை குண்டைச் செல்லும் திசையையே அச்சாகக் கொண்டு சுழலச் செய்யும். ஆகவே குறி தவறாது. ஆனால் குண்டைக் குழலில் இறுக்கித் திணிக்க நேரம் பிடித்ததால் படைகள் அதை ஒதுக்கின. 1747-இல் ராபின்ஸ், ரைபிளின் தன்மையைச் செவ்வனே உணர்ந்து படைக்கு வழங்கும் நாடு ஏனைய நாடுகளை வெல்லும் என முன்னறிவித்தார். நூறாண்டு கழித்து, 1850-களில், ஐரோப்பியப் படைகள் அதை மெய்ப்பித்தன.

இத்தகைய அறிஞரைக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் தலைமைப் பொறியாளராக அமர்த்திற்று. சென்னையை 1746-இல் பிரெஞ்சுக்காரரிடம் பறிகொடுத்து, 1749-இல் திரும்பப் பெற்ற கம்பெனிக்குக் கோட்டைகளின் கவலை மிகுந்திருந்தது. 1750 ஜூலையில் கடலூர் தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டைக்கு வந்த ராபின்ஸ், அதற்கும் சென்னைக்கும் அரண்கள் வகுத்தார். புதிய தட்பவெப்பம் அவர் உடலுக்கு ஒவ்வவில்லை. காய்ச்சலுற்று, 1751 ஜூலை 29-இல், 44 வயதில் மறைந்தார்.

தன் வீட்டைக் காக்க ஒருவன் துப்பாக்கியைச் சோதிப்பது இயல்பு. ஆனால் ராபின்ஸ் இங்கே காக்க வந்தது வணிகரின் பண்டகசாலையை. அது நின்றதோ நம் வீட்டு வாசலில். அறிவு எவ்வளவு தூயதாயினும், அதை ஏவுகின்ற கை எது என்று கேட்கத்தான் வேண்டும். விஞ்ஞானம் பயிலும் நமக்கும் நாளை இக்கேள்வி வரும்.

அந்தக் கோட்டையை 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கைப்பற்றி இடித்துத் தள்ளினார். ஊசலோ இன்றும் நம் சோதனைக் கூடத்தில் ஆடிக்கொண்டிருக்கிறது.